பெயரிழந்த சீருடை: ‘ரெட்ரோ பவுல்’ நிகழ்பட விளையாட்டில் மேலாளர் பார்வையும் கடந்தகால ஏக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

பிரிட்டனைச் சேர்ந்த நியூ ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரெட்ரோ பவுல்’, அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றை மேலாண்மை செய்யும் கைப்பேசி விளையாட்டாகும். 1980களின் இறுதியில் வெளிவந்த ‘டெக்மோ பவுல்’ விளையாட்டின் தோற்றத்தை இது வெளிப்படையாகப் பின்பற்றுகிறது. ஆயினும் இதனை இயக்கும் விதிகள் 1993, 1994 ஆகிய ஆண்டுகளுக்குப் பிந்திய அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் ஊதிய அமைப்பைச் சார்ந்தவை. தோற்றத்தின் காலத்திற்கும் விதியின் காலத்திற்கும் இடையே வீரர்களின் தொழிற்சங்கப் போராட்ட வரலாறு ஒன்று அடங்கியுள்ளது. அவ்வரலாற்றை இவ்விளையாட்டு எவ்வாறு மறைக்கிறது, அம்மறைப்பில் வீரரின் பெயரும் உடலும் எவ்வாறு மாற்றம் பெறுகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டுத் திறனாய்வு, ரெட்ரோ பவுல், டெக்மோ பவுல், கடந்தகால ஏக்கம், பதிலி மேலாண்மை, ஊதிய உச்சவரம்பு.

முன்னுரை

நிகழ்பட விளையாட்டை ஒரு பனுவலாகக் கொள்ளுமிடத்து, அதனைப் படிப்பதற்கு இரண்டு தளங்கள் உள்ளன. ஒன்று, திரையில் தோன்றும் உருவம், நிறம், ஒலி ஆகியவற்றின் தளம். மற்றொன்று, இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது, இன்னது செய்தால் இன்னது விளையும் என வரையறுக்கும் விதிகளின் தளம். இயன் போகோஸ்ட் 2007-இல் வெளியிட்ட ‘பெர்சுவேசிவ் கேம்ஸ்’ நூலில், விளையாட்டுகள் தம் கருத்துகளைச் சொற்களாலும் படங்களாலும் மட்டுமன்றி விதிகளாலும் நிறுவுகின்றன என்று காட்டி, அதற்குச் செயல்முறைச் சொல்லாட்சி என்னும் பொருள்படப் பெயரிட்டார். விளையாடுபவர் விதிக்கு இணங்கி ஒரு செயலைப் பலமுறை செய்யும்போது, அச்செயலுக்கு அடிப்படையான உலகப் பார்வையையும் பயின்றுகொள்கிறார் என்பது அக்கருத்தின் சாரம்.

இவ்விரு தளங்களும் ஒன்றையே கூற வேண்டும் என்பதில்லை. அவை முரண்படும் இடத்தில்தான் திறனாய்வுக்கு வேலை மிகுதி. ‘ரெட்ரோ பவுல்’ அத்தகைய முரணைத் தன்னுள் கொண்ட விளையாட்டாகும். அதன் தோற்றம் எளிமையானது, பழமையானது, சிறுவயது நினைவுகளை எழுப்புவது. அதன் விதிகளோ ஒரு பெருந்தொழிலின் கணக்கேட்டைச் சார்ந்தவை. இம்முரணை வரலாற்று நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் அமைப்பு

அமெரிக்கக் கால்பந்தில் அணிக்குப் பதினொருவர் களத்தில் இருப்பர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். பந்தை எறிபவர் குவாட்டர்பேக் எனப்படுவார். தாக்கும் அணியும் தடுக்கும் அணியும் தனித்தனி வீரர்களைக் கொண்டவை. களத்திற்கு வெளியே பயிற்சியாளர், பொது மேலாளர், உரிமையாளர் என முடிவெடுக்கும் அடுக்கு ஒன்று உண்டு.

‘ரெட்ரோ பவுல்’ விளையாடுபவரைப் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் ஒருசேர அமர்த்துகிறது. 32 அணிகளுள் ஒன்றை அவர் ஏற்கிறார். வார ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் வீரர்களை ஒப்பந்தம் செய்தல், நீக்குதல், பிற அணிகளுக்கு மாற்றி அதற்கு ஈடாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெறுதல், அரங்கையும் பயிற்சிக்கூடத்தையும் மேம்படுத்துதல், செய்தியாளர்களின் வினாக்களுக்கு விடையளித்தல் முதலியவை அவருடைய பணிகள். இவை அனைத்தும் ‘பயிற்சியாளர் புள்ளிகள்’ என்னும் ஒருவகை நாணயத்தோடு தொடர்புடையவை. வெற்றியால் அப்புள்ளிகள் சேரும்; உண்மைப் பணம் கொடுத்தும் அவற்றை வாங்கலாம்.

ஆட்டம் தொடங்கியதும் பணி மாறுகிறது. பக்கவாட்டில் விரியும் களத்தில் படப்புள்ளிகளாலான சிறு உருவங்கள் நிற்கின்றன. விரலைத் திரையில் பின்னோக்கி இழுத்துக் குறிபார்த்து விட்டால் பந்து பறக்கிறது. பந்தைப் பிடித்தவரை மேலும் கீழும் நகர்த்தித் தடுப்பவரிடமிருந்து விலக்கலாம். எதிரணி பந்தைப் பெற்றவுடன் களம் மறைந்துவிடுகிறது. எதிரணியின் முன்னேற்றம் சில சொற்களாக மட்டும் திரையில் ஓடி, முடிவு அறிவிக்கப்படுகிறது. தடுப்பாட்டத்தை விளையாடுபவர் ஆடுவதில்லை.

தேசியக் கால்பந்து லீக்கில் ஓர் அணியின் பட்டியலில் 53 வீரர்கள் இடம்பெறுவர். இங்கு அடிப்படைப் பட்டியலில் பத்துப் பேர் மட்டுமே உள்ளனர். கட்டணப் பதிப்பில் பன்னிருவர். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் நட்சத்திர மதிப்பீடு, வயது, ஊதியம், ஒப்பந்த ஆண்டுகள், உடல்நிலை, மனநிலை ஆகியன குறிக்கப்படுகின்றன. பட்டியலில் இடம்பெறாத பிறர் களத்தில் நிற்கின்றனர், ஓடுகின்றனர், விழுகின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை, ஊதியக் கணக்கிலும் அவர்கள் இல்லை.

தோற்றத்தின் காலமும் விதியின் காலமும்

‘ரெட்ரோ’ என்னும் சொல் பின்னோக்குதலைக் குறிப்பது. இவ்விளையாட்டு பின்னோக்கும் காலம் எது என்பது ஐயத்திற்கு இடமில்லாதது. ஜப்பானின் டெக்மோ நிறுவனம் 1987-இல் காசுபோட்டு விளையாடும் பொறிகளுக்காக ‘டெக்மோ பவுல்’ விளையாட்டை வெளியிட்டது. 1989-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் எட்டு பிட் இல்லக்கருவிக்கு அது வந்தது. 1991-இல் ‘டெக்மோ சூப்பர் பவுல்’ தொடர்ந்தது. பக்கவாட்டுக் களம், கட்டமான உருவங்கள், பெருவெற்றியின்போது தோன்றும் சிறு அசைவுப்படங்கள், உலோகத் தன்மையுள்ள இசை ஆகிய அனைத்தையும் ‘ரெட்ரோ பவுல்’ அந்த மரபிலிருந்து பெற்றுக்கொண்டுள்ளது.

ஆயின் அதே 1987-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்தின் வரலாற்றில் வேறொன்றுக்காகவும் நினைக்கப்படுகிறது. அவ்வாண்டின் பருவத்தில் வீரர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பும் அணியில் சேரும் உரிமை வேண்டும் என்பதே சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை. 1982-இல் நடந்த 57 நாள் வேலைநிறுத்தத்தில் உரிமையாளர்கள் ஆட்டங்களை நிறுத்தியிருந்தனர். 1987-இல் அவ்வாறு நேரவில்லை. ஒரு வார ஆட்டங்கள் மட்டும் கைவிடப்பட்டன. அடுத்த மூன்று வாரங்கள் மாற்று வீரர்களைக் கொண்டு ஆட்டங்கள் நடத்தப்பட்டன. 24 நாள்களில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வீரர் சங்கம் பின்னர் நீதிமன்றங்களை நாடியது. 1992-இல் கிடைத்த நடுவர் குழுத் தீர்ப்பும் அதனையடுத்து 1993-இல் ஏற்பட்ட உடன்பாடும் வீரர்கள் கோரிய உரிமையைப் பெற்றுத் தந்தன. அதற்கு ஈடாக உரிமையாளர்கள் பெற்றது ஊதிய உச்சவரம்பு. அது 1994-இல் அணிக்கு 34.6 மில்லியன் டாலர் என்னும் அளவில் நடைமுறைக்கு வந்தது, 2024-இல் 255.4 மில்லியன் டாலராக உயர்ந்திருந்தது.

இப்பின்னணியில் ‘ரெட்ரோ பவுல்’ விளையாட்டின் விதிகளை நோக்கினால் ஒரு காலமுரண் புலப்படுகிறது. இவ்விளையாட்டின் மேலாண்மைப் பகுதி முழுவதும் இரண்டு தூண்களின் மேல் நிற்கிறது. ஒன்று, ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை. மற்றொன்று, ஊதிய உச்சவரம்பு. இவ்விரண்டும் இவ்விளையாட்டு தோற்றத்தால் நினைவூட்டும் காலத்தில் இருந்தவை அல்ல. அக்காலத்தில் நடந்த போராட்டத்தின் விளைவாகவே இவை பின்னர்த் தோன்றின. விளையாடுபவர் கண்ணால் 1989-இலும் கையால் 1994-க்குப் பின்னும் இருக்கிறார். இடைப்பட்ட ஆண்டுகள் திரையில் எங்கும் இல்லை.

ஸ்வெட்லானா பாய்ம் 2001-இல் வெளிவந்த ‘தி ஃபியூச்சர் ஆஃப் நாஸ்டால்ஜியா’ நூலில் கடந்தகால ஏக்கத்தை இருவகையாகப் பிரித்தார். இழந்த இல்லத்தை மீண்டும் கட்டியெழுப்ப முனைவது ஒருவகை. இழப்பையும் கால இடைவெளியையும் உணர்ந்து அதிலேயே நிலைத்துச் சிந்திப்பது மற்றொரு வகை. ‘ரெட்ரோ பவுல்’ இவ்விரண்டிலும் முழுமையாக அடங்கவில்லை. பழைய விளையாட்டை அது அப்படியே மீட்கவில்லை. கால இடைவெளியை எண்ணிப் பார்க்கவும் இல்லை. இன்றைய விதிகளைப் பழைய தோற்றத்தில் வைத்து, அவை என்றும் இருந்தவை போன்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. வரலாற்றில் பேரம் பேசிப் பெறப்பட்ட ஒன்று, இங்கு ஆட்டத்தின் இயல்பான பகுதியாகிவிடுகிறது.

இதற்குத் தெளிவான சான்று உச்சவரம்பே. உண்மை லீக்கில் உச்சவரம்பு இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்படுவது. லீக்கின் வருவாயில் வீரர்களுக்கு உரிய பங்கோடு இணைந்தது. ‘ரெட்ரோ பவுல்’ விளையாட்டில் பயிற்சியாளர் புள்ளிகளைச் செலவிட்டு அதனை உயர்த்திக்கொள்ளலாம். அரங்கை மேம்படுத்துவது போலவே உச்சவரம்பை உயர்த்துவதும் மேலாளர் செய்துகொள்ளும் ஒரு மேம்பாடாகிறது. எதிரே அமர்ந்து பேச ஒரு தரப்பு இருந்தது என்பதே இவ்விதியில் அழிந்துபோகிறது. இவ்விளையாட்டில் வீரர் சங்கம் இல்லை. வீரருக்காகப் பேசும் முகவரும் இல்லை.

பெயரும் சீருடையும்

‘டெக்மோ பவுல்’ விளையாட்டின் 1989 பதிப்புக்கு லீக்கின் உரிமம் கிடைத்திருக்கவில்லை. வீரர் சங்கத்தின் உரிமமே அதற்கு இருந்தது. எனவே அணிகளின் சின்னங்களும் பட்டப்பெயர்களும் இன்றி நகரப் பெயர்களோடு அது வெளிவந்தது. வீரர்களின் உண்மைப் பெயர்கள் மட்டும் அதில் இடம்பெற்றன. வேலைநிறுத்தத்தில் தோற்ற சங்கம் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு விளையாட்டில் தன் உறுப்பினர்களின் பெயர்களைப் பதித்திருந்தது என்பது நோக்கத்தக்கது. அவ்விளையாட்டை ஆடிய தலைமுறை இன்றும் நினைவுகூர்வது அணிகளை அன்று, வீரர்களையே. எவராலும் பிடிக்க முடியாதவாறு ஓடிய போ ஜாக்சன் அந்நினைவின் உச்சம். உண்மை வாழ்வில் போ ஜாக்சன் 1991 சனவரியில் ஓர் ஆட்டத்தில் இடுப்பில் காயமுற்று, அதன்பின் கால்பந்துக் களத்திற்குத் திரும்பவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த ‘டெக்மோ சூப்பர் பவுல்’ விளையாட்டில் அவர் குறைவற்ற வேகத்தோடு ஓடிக்கொண்டிருந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் உடல் இருந்தது; அது முறிந்ததை விளையாடியவர்கள் அறிந்திருந்தனர்.

‘ரெட்ரோ பவுல்’ இவ்வுறவைத் தலைகீழாக்குகிறது. அதன் தொடக்கப் பதிப்புக்கு லீக்கின் உரிமமும் வீரர் சங்கத்தின் உரிமமும் இல்லை. இதற்குரிய தீர்வாக, நகரங்களும் அவற்றின் நிறங்களும் அடையாளம் காணத்தக்க வகையில் வைக்கப்பட்டுள்ளன. வீரர்களின் பெயர்களோ கணினியால் உருவாக்கப்படுகின்றன. சீருடை எவருடையது என்பது விளையாடுபவருக்குத் தெரியும். அதனை அணிந்திருப்பவர் எவரும் அல்லர்.

1987-இல் மாற்று வீரர்களைக் களமிறக்கிய உரிமையாளர்களின் செயலுக்குள் அடங்கியிருந்த வாதமும் இதுவே. பார்வையாளர்கள் நேசிப்பது சீருடையை. அதனுள் எவர் இருந்தாலும் ஆட்டம் நடக்கும் என்பதே அச்செயலின் பொருள். இவ்வாதத்தை ‘ரெட்ரோ பவுல்’ வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டது எனக் கூறுதல் மிகையாகும். உரிமம் இல்லாத சிறு நிறுவனத்தின் இயலாமையே இங்கு காரணம். எனினும் காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. பெயர் நீங்கியபின் வீரரிடம் எஞ்சுவன நட்சத்திரங்களும் ஊதியமும் வயதுமே. அவற்றைக் கொண்டு எடுக்கப்படும் முடிவுகளில் தயக்கம் எழுவதற்கான இடம் குறைகிறது.

எடுத்துக்காட்டாக, பல பருவங்கள் அணியைத் தாங்கிய நான்கு நட்சத்திர ஓட்டவீரர் ஒருவரின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருப்பதாகக் கொள்ளலாம். அவருடைய வயது ஏறியிருக்கிறது. ஊதியம் உச்சவரம்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. திறமையாக ஆடும் எவரும் செய்வது, அவரை மாற்றிவிட்டு ஓர் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெறுவதே. இது தவறான ஆட்டம் அன்று, நல்ல ஆட்டம். நல்ல ஆட்டம் எதுவெனத் தீர்மானிப்பதன் வழியாகத்தான் விதி தன் கருத்தை விளையாடுபவரின் விருப்பமாக்குகிறது.

விளையாடுபவர்கள் இதனை முழுமையாக ஏற்றுக்கொண்டனர் எனவும் கூற இயலாது. கட்டணப் பதிப்பில் அணிகளையும் வீரர்களையும் திருத்தி எழுதும் வசதி உண்டு. உருவாக்கப்பட்ட பெயர்களை நீக்கி அவ்விடத்தில் உண்மையான பெயரொன்றை எழுத அவ்வசதி இடமளிக்கிறது. பெயரைச் சேர்ப்பதால் ஆட்டத்தின் விதி ஏதும் மாறுவதில்லை. வெற்றிக்கும் அது துணைபுரியாது. பயனற்ற இவ்வுழைப்புக்கு விளையாட்டில் இடம் வேண்டியிருப்பதே, பெயரின் இன்மை ஒரு குறையாக உணரப்படுவதைக் காட்டுகிறது.

வீரரிலிருந்து மேலாளருக்கு

நியூ ஸ்டார் கேம்ஸ் நிறுவனத்தை நிறுவிய சைமன் ரீட் இதற்கு முன் புகழ்பெற்றது ‘நியூ ஸ்டார் சாக்கர்’ விளையாட்டினால். அதன் கைப்பேசிப் பதிப்பு 2013-இல் பிரிட்டிஷ் அகாதெமியின் விளையாட்டுப் பிரிவு விருதைப் பெற்றது. அவ்விளையாட்டில் விளையாடுபவர் மேலாளர் அல்லர். ஒரு தனிக் கால்பந்து வீரர். பயிற்சியாளர், சக வீரர்கள், இரசிகர்கள், காதலி ஆகியோருடனான உறவுகளை அவர் பேண வேண்டும். ஆற்றல் குறைந்தால் பானம் வாங்க வேண்டும். பயிற்சியாளரின் நம்பிக்கையை இழந்தால் களத்தில் இடம் கிடைக்காது. உழைப்பவரின் நிலையிலிருந்து தொழில்முறை விளையாட்டின் அலுப்பையும் அச்சத்தையும் நகைச்சுவையோடு காட்டிய படைப்பு அது.

‘ரெட்ரோ பவுல்’ விளையாட்டில் அதே உறவுகள் திரும்ப வருகின்றன. பார்க்கும் இடம் மட்டும் மாறிவிட்டது. முன்னதில் வீரராக இருந்து கவலையுற்ற ஆற்றல் அளவு, பின்னதில் மேலாளர் கண்காணிக்கும் உடல்நிலை அளவாகிறது. முன்னதில் பயிற்சியாளரின் அதிருப்தி விளையாடுபவரைத் தாக்கியது. பின்னதில் வீரரின் அதிருப்தி மேலாளருக்குத் தொல்லையாகிறது. மனநிலை மிகத் தாழ்ந்த வீரர் ‘நச்சு’ எனக் குறிக்கப்படுகிறார். அவர் உடனிருப்போரின் மனநிலையையும் கெடுக்கிறார். அம்மனநிலைக்குக் காரணம் பலமுறை விளையாடுபவர் செய்தியாளர்களிடம் அளித்த விடையாகவே இருக்கும். இரசிகர்களை மகிழ்விக்க ஒரு வீரரைக் கைவிட்டதன் விளைவு, அவ்வீரரின் குணமாகப் பெயர்பெற்றுவிடுகிறது.

தாமஸ் ஓட்ஸ் 2009-இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கக் கால்பந்தின் இரசிகர்கள் வீரர்களோடு அன்றி மேலாளர்களோடு தம்மை ஒன்றிணைத்துக்கொள்ளுமாறு புதிய ஊடகங்கள் அழைக்கின்றன என்று காட்டி, அதனைப் பதிலி மேலாண்மை என்னும் பொருள்படக் குறித்தார். வீரர் தேர்வு நிகழ்ச்சிகள், கற்பனை அணிப் போட்டிகள், நிகழ்பட விளையாட்டுகள் ஆகியவற்றில் வீரர்கள் வாங்கவும் விற்கவும் உரிய பண்டங்களாக முன்வைக்கப்படுகின்றனர் என்பது அவருடைய கருத்து. லீக்கின் வீரர்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். உரிமையாளர்களும் முடிவெடுப்போரும் பெரும்பாலும் வெள்ளையர். ஆகவே இப்பார்வை மாற்றம் இனம் சார்ந்த அதிகார உறவையும் தன்னுள் கொண்டது என அவர் சுட்டினார். சைமன் ரீடின் இரு விளையாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போது, ஓட்ஸ் கூறிய மாற்றம் ஒரே படைப்பாளியின் படைப்புகளுக்கிடையே நிகழ்ந்திருப்பதைக் காணலாம்.

ஆடப்படாத பாதி

தடுப்பாட்டம் விளையாடுபவரின் கையில் இல்லை என்பது இவ்விளையாட்டைப் பற்றி அடிக்கடி எழும் குறை. ‘டெக்மோ பவுல்’ விளையாட்டில் இரு பாதிகளையும் ஆட முடிந்தது. கைப்பேசித் திரையின் வரம்பும் ஆட்டத்தைச் சில நிமிடங்களில் முடிக்க வேண்டிய தேவையும் இவ்வமைப்புக்கு ஏற்ற விளக்கங்களே. ஆயினும் அதன் பொருள் அவ்வளவில் முடிவதில்லை.

முதலாவதாக, இவ்வமைப்பால் விளையாடுபவர் ஒருபோதும் மோதுபவர் ஆவதில்லை. அமெரிக்கக் கால்பந்தின் மையச் செயல் ஓர் உடலை மற்றோர் உடலால் வீழ்த்துதல். இங்கு விளையாடுபவரின் விரல் செய்வன எறிதல், ஓடுதல், விலகுதல் ஆகியவையே. மோதல் அவருடைய வீரருக்கு நேர்கிறது. அவர் அதனைச் செய்வதில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்தபின், மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். அதற்குப் பின் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிய பொதுப்பேச்சு மாறியது. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் 765 மில்லியன் டாலர் உடன்பாடு அறிவிக்கப்பட்டு, திருத்தங்களுடன் 2015-இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. இவை யாவற்றுக்கும் பின் வெளிவந்த விளையாட்டில் காயம் என்பது வார எண்ணிக்கை மட்டுமே. எண் தீர்ந்தவுடன் வீரர் மீள்கிறார். எட்டு பிட் உருவத்தின் கள்ளமின்மை இங்கு முழுமையாகப் பயன்படுகிறது. படப்புள்ளியால் ஆன உடல் வலியைக் காட்டாது என்பதை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

இரண்டாவதாக, தடுப்பாட்ட வீரர்கள் ஊதியம் பெறுபவர்களாக மட்டுமே விளையாடுபவருக்கு அறிமுகமாகின்றனர். தாக்குதல் வீரரைக் கைவிரல் அறியும். அவர் எவ்வளவு விரைவாக ஓடுவார், எங்கு தளர்வார் என்பது பழக்கத்தால் தெரியும். தடுப்பாட்ட வீரரோ பட்டியலில் ஒரு வரி. அவர் உழைக்கும் நேரத்தில் திரை அவரைக் காட்டுவதில்லை. எனவே பணம் குறையும்போது முதலில் கைவிடத் தோன்றுவது அவரையே. கண்ணில் படாத உழைப்பு மலிவாகத் தோன்றும் என்னும் உண்மையை இவ்விளையாட்டு, தான் எண்ணாமலேயே, விளையாடுபவரைக் கொண்டு நிகழ்த்திக் காட்டுகிறது.

மூன்றாவது கூறு இவற்றுக்கு எதிரானது. அதுவே இவ்விளையாட்டின் வலிமையுமாகும். எதிரணி முன்னேறும் அந்தச் சில நொடிகளில் விளையாடுபவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, கடிகாரம் ஓட, சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்ற, அவர் காத்திருக்கிறார். மேலாளர் என்னும் அதிகாரத்தின் எல்லை அங்கு வெளிப்படுகிறது. அவர் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கோ ஆடுகிறார்கள். அவர் முடிவை மட்டும் பெற்றுக்கொள்கிறார். பதிலி மேலாண்மை விற்கும் முழு ஆளுகை என்னும் கற்பனையை இவ்விளையாட்டே தன் பாதி நேரத்தில் மறுத்துவிடுகிறது. இவ்விளையாட்டில் நேர்மையான இடம் ஒன்றைக் காட்டுமாறு கேட்டால், ஆடப்படாத இப்பாதியையே காட்ட வேண்டும்.

மறுப்பும் விளக்கமும்

இவ்வாசிப்புக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். எல்லா விளையாட்டும் உலகைச் சுருக்குகிறது. சதுரங்கத்தில் காலாளின் குடும்பம் இல்லை என்று எவரும் குறைகூறுவதில்லை. சில நிமிடங்களில் ஆடி முடிக்கத்தக்க ஒரு விளையாட்டிடம் தொழிற்சங்க வரலாற்றை எதிர்பார்ப்பது முறையா என்பதே அம்மறுப்பு.

சுருக்கம் தவிர்க்க இயலாதது என்பது உண்மை. ஆனால் சுருக்கம் என்பது தேர்வு. எது எஞ்சியது, எது விடுபட்டது என்பதில் ஓர் ஒழுங்கு காணப்பட்டால் அது பொருளுடையதாகிறது. ‘ரெட்ரோ பவுல்’ ஊதியத்தை விட்டுவிடவில்லை. ஒப்பந்த ஆண்டுகளை விட்டுவிடவில்லை. செய்தியாளர் வினாக்களையும் அரங்க மேம்பாட்டையும்கூட விட்டுவிடவில்லை. தொழிலின் சார்பில் மேலாளர் காணும் அனைத்தும் நுணுக்கமாக இடம்பெற்றுள்ளன. விடுபட்டவை யாவும் வீரரின் பக்கத்தைச் சேர்ந்தவை: பெயர், பேரம், நீடிக்கும் காயம். சதுரங்கத்தில் அரசனின் கருவூலக் கணக்கு மட்டும் விரிவாகத் தரப்பட்டிருக்குமாயின், காலாளைப் பற்றிய வினா அங்கும் எழுந்திருக்கும்.

இவ்விளையாட்டு தரும் மகிழ்ச்சி பொய்யானது என்றும் இக்கட்டுரை வாதிடவில்லை. சரியாகக் குறிபார்த்து எறிந்த பந்தை இறுதி நொடியில் ஒருவர் பிடிக்கும்போது எழும் இன்பம், விரலுக்கும் கண்ணுக்கும் இடையிலான நுட்பமான பொருத்தத்தால் விளைவது. அவ்வின்பமே விதிகளை ஏற்கச் செய்யும் ஆற்றல் உடையது. இன்பம் அளிக்காத விளையாட்டின் விதிகள் எவரையும் எதையும் பயிற்றுவிப்பதில்லை.

முடிவுரை

‘ரெட்ரோ பவுல்’ தன் மூதாதையான ‘டெக்மோ பவுல்’ விளையாட்டிடமிருந்து தோற்றத்தைப் பெற்றது. அதன் உயிராக இருந்த வீரர் பெயரைப் பெறவில்லை. அப்பெயரின் இடத்தை, வீரர்கள் போராடிப் பெற்ற உரிமையும் அதற்கு ஈடாக ஏற்ற உச்சவரம்பும், மேலாளரின் கருவிகளாக உருமாறி நிரப்புகின்றன. பழைய தோற்றம் இம்மாற்றத்தைக் கண்ணுக்குப் படாமல் வைக்கிறது. 1987-இன் பொறியை நினைவில் வைத்து 1987-இன் வேலைநிறுத்தத்தை மறக்கும் ஏக்கம் இது.

2024-இல் லீக்கின் உரிமத்தோடு ‘என்எஃப்எல் ரெட்ரோ பவுல் 25’ வெளிவந்தது. உண்மை அணிகளும் வீரர்களும் அதில் இடம்பெற்றனர். பெயர் திரும்பிவிட்டது எனினும், அது திரும்பிய இடம் வேறு. 1989-இல் அப்பெயர் முதன்மையாக ஓடவும் எறியவும் உரிய ஒன்றாக விளையாடுபவரின் கைக்கு வந்தது. 2024-இல் அது நட்சத்திரங்கள், வயது, ஊதியம், மனநிலை ஆகியவற்றுக்கு இடையே ஒரு பட்டியலில் வந்து அமர்கிறது. இவ்விரு வகைப் பெயர்களையும் ஒப்பிட்டு ஆராய்தல் மேலாய்வுக்குரியது.

தமிழில் நிகழ்பட விளையாட்டுகளைத் திறனாய்வு செய்ய முற்படுவோர்க்கு இவ்வொற்றை விளையாட்டு ஒரு வழியைக் காட்டுகிறது. உருவமும் கதையும் வெளிப்படையாகக் கூறுவதை மட்டுமன்றி, விதிகள் குறிப்பாகக் கூறுவதையும், அவை எக்காலத்தவை, எவருடைய நிலையிலிருந்து எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்து வினவ வேண்டும். அவ்வாறு வினவும்போது, பொழுதுபோக்கு எனப் புறந்தள்ளப்படும் சிறு விளையாட்டிலும் உழைப்பின் வரலாறு ஒன்று மறைந்திருப்பது புலனாகும்.